க்காக

வெள்ளிக்கிழமை காலை பத்தே கால்.
போச்சம்பள்ளி ரோட்டு மாங்கூழ் கம்பெனி எடைமேடையில்
ஒன்பது டன் பெங்களூராவுக்குக்
கையெழுத்துப் போட்டேன்:
வே. திம்மராயப்பாவுக்காக.
ஏழு வருஷமாய் அப்படித்தான்.
என் பேர் அதற்குக் கீழே, பொடியாக,
அடைப்புக்குறிக்குள்.

பத்து நாற்பதுக்குப் போன். அவர் மகன்.
"அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கே போயிட்டார்ண்ணா.
இப்பத்தான் ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டிருக்கேன்."

துக்கம் வருவதற்கு முன்
கணக்கு வந்தது.
தரகன் மூளை, அப்படித்தான்.
ரெண்டு மணியிலிருந்து பத்தே கால் வரைக்கும்
எட்டே கால் மணி நேரம்
யாருடைய கை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது?
இல்லாத ஒருவருக்காக
லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னேன்.
கிலோவுக்கு நாற்பது பைசா சண்டை போட்டேன்.
ஜெயித்தேன்.

சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
பத்திரம் எழுதும் பிலோமினா
கார்பன் தாளைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்:
"ஆள் போனா பவர் போச்சு.
ஆனா உங்க காதுக்கு வர்ற வரைக்கும்
நீங்க போட்டது செல்லும்."
சாவுச் செய்தி நடந்து வர
சட்டம்கூட நேரம் கொடுக்கிறது.

முடிந்துபோக வேறு வழிகள் இருந்தன எங்களுக்கு.
போன வருஷம் கமிஷன் தகராறில்
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினார்,
"பவரை ரத்து பண்ணிடுறேன் பாரு, திங்கக்கிழமை வரேன்."
திங்கட்கிழமை வந்தார்,
உரம் வாங்க, என் வண்டியிலேயே.
நானும்தான் எழுதினேன்.
'இதன்மூலம் விலகிக்கொள்கிறேன், ஒரு மாத அறிவிப்பு.'
தேதி மட்டும் போடவில்லை.
வண்டி சீட்டுக்கடியில்
ஆர்.சி. புத்தகத்தோடு மடங்கிக் கிடக்கிறது இன்னும்.
தோப்பை விற்றுக் கொடுத்திருந்தால்
வேலை தீர்ந்தது என்று முடிந்திருக்கும்.
ஐந்து வருஷம் என்று கெடு வைத்திருந்தால்
கெடுவே முடித்திருக்கும்.
என் பணம் எண்பதாயிரம் அந்த மரங்களில் நிற்கிறது;
அதற்கு ஈடாக எனக்கும் இதில் பாத்தியம் என்று
ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால்
சாவாலும் முறிக்க முடியாதாம்.
வீட்டுக்கு வந்து முத்திரைத்தாளை எடுத்துப் பார்த்தேன்.
அடியில் இடம் இருக்கத்தான் இருக்கிறது,
நான்கு விரல் அகலம்.

சந்தூர்த் தோப்பில்
பறித்துக் குவித்தது இன்னும் ரெண்டு டன்.
"பதினோராம் நாள் முடியட்டும்ண்ணா" என்கிறான் மகன்.
பெங்களூரா பதினோரு நாள் தாங்காது.
விற்க எனக்கு அதிகாரம் இல்லை.
விட்டுவிட்டுப் போகவும் இல்லை.
பிலோமினா அதையும் சொல்லித்தான் அனுப்பினாள்:
"வாரிசு வந்து வாங்கிக்கிற வரைக்கும்
சரக்கு கெடாம பாக்கறது உங்க தலையில."

வெள்ளி சாயங்காலம் எடுத்தார்கள்.
சனி விடியக் காலையில்,
மாலை போட்ட கையில் சம்பங்கி வாடை போகுமுன்னே,
குவியலைப் பிரித்தேன்.
அடிபட்டதை ஒதுக்கினேன்.
மிச்சத்தை வைக்கோல்மேல் ஒற்றை வரிசையாக.
காவலுக்கு இருக்கும் சின்னபாப்பா நோட்டை நீட்டினாள்,
மூன்று பேர் கூலி, கையெழுத்து.

வே. என்று ஆரம்பித்துவிட்டேன்.

புள்ளியிலேயே பேனா நின்றது.
சின்னபாப்பா வேறு பக்கம் பார்த்தாள்.
அடித்துவிட்டு எழுதினேன்:
சா. அமீர்ஜான்.
அடைப்புக்குறி இல்லை, பின்னால் எதுவும் இல்லை.
யாரோ வெளியூர்க்காரன் பேர் மாதிரி இருந்தது.

மேற்கே, டேம் பக்கம், ஒரு இடி.
தார்ப்பாயை இழுத்து மூடி
நாலு மூலைக்கும் கல் வைத்தேன்.